மூச்சு நின்று எழும் இரவுகள்: ஒரு நோயின் வரலாறும் ஒரு பீன்யாக்காரனின் அனுபவமும்

பீன்யா என்றதும் நம்மவரில் பலருக்குத் துமகூரு சாலையும், லாரிப் புழுதியும், லேத்துகளின் ஓயாத இரைச்சலும்தான் நினைவுக்கு வரும். 1970-களில் உருவான இந்தத் தொழிற்பேட்டைக்குக் குடியாத்தம், ஆம்பூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்திறங்கிய தமிழர் எத்தனையோ பேர். அடியேனும் அவர்களில் ஒருவன். 1981-ல் டர்னராக வந்தேன். பிறகு இரண்டாம் கட்டத்தில் நான்கு லேத்துகளுடன் சொந்தமாக ஒரு சிறு பட்டறை போட்டு, இப்போது அதை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கிறேன்.

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்ட அன்பர்கள், பீன்யாவின் தொழில் வரலாற்றை நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் எழுத வந்தது ஒரு நோயின் வரலாறு. நம் வீடுகளில் தினமும் கேட்கும் சத்தம் அது. நாம் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும் விஷயம் அது. குறட்டையும், அதன் நடுவே மூச்சு நின்றுபோவதும்தான் சொல்கிறேன். மருத்துவர்கள் இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். தமிழில் 'உறக்க மூச்சுத் தடை' என்று சொல்லலாம்.

இரண்டாம் ஷிப்டில் ஒரு நாள்

2006-ஆம் ஆண்டு. ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாப்ட் கடைந்துகொண்டிருந்தேன். சக் சுற்றிக்கொண்டிருக்கிறது, டூல் போய்க்கொண்டிருக்கிறது, நான் நின்றுகொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் ஞாபகம். அடுத்த கணம் யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். மெஷின் நின்றிருந்தது. என் சட்டைக் கை சக்குக்கு நாலு விரல் தள்ளி இருந்தது. கூட வேலை செய்த கன்னடத் தம்பி ஒருவர்தான் சுவிட்சைத் தட்டியிருக்கிறார். "யாக்கே சார், ராத்ரி நித்தே மாடில்வா?" என்று கேட்டார். ராத்திரி தூங்கவில்லையா என்று கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது? முந்தின இரவு எட்டு மணி நேரம் தூங்கியிருந்தேன்!

அதற்கு முன்பே இரண்டு மூன்று ஆண்டுகளாக டாக்டர் டாக்டராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தால் தலை பாரம், நாக்கு வறட்சி. இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டும். சர்க்கரையா என்று பார்த்தார்கள், இல்லை. தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இரண்டாகியது. ஒருவர் சத்து ஊசி போட்டார். இன்னொருவர் 'டென்ஷன்' என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். அது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி இந்த நோயை மோசமாக்கக்கூடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வேறொரு இடத்தில் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று ஆபரேஷனும் ஆயிற்று. மூக்கு நேரானது, தூக்கம் நேராகவில்லை.

இத்தனைக்கும் நோய் என்னவென்று ஒருவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் என் மனைவி.

"குறட்டை விட்டா எனக்குப் பயம் இல்லைங்க. குறட்டை நின்னாத்தான் பயம்" என்பாள். "நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், காத்து வராது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிப்பேன். நாப்பது வரைக்கும்கூடப் போயிருக்கு. அதுக்கு மேல பொறுக்க முடியாம உங்களை உலுக்கி எழுப்பிடுவேன்."

பல ஆண்டுகள் இருட்டில் விழித்திருந்து எண்ணியிருக்கிறாள். எந்த மருத்துவரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் அவள் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி குறை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நோயாளி தன் நோயைக் காண முடியாது, ஏனென்றால் அவன் தூங்குகிறான். மருத்துவரும் காண முடியாது, ஏனென்றால் அவர் முன்னால் நோயாளி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் படுத்திருப்பவர் மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சியின் சொல் மருத்துவ நூலில் ஏறுவதற்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

முன்னோர் கண்டது

நம் முன்னோர் மூச்சையும் தூக்கத்தையும் கூர்ந்து கவனித்தவர்கள். நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபில் வழங்கிவரும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குச் சரியாகப் பதினைந்து. இன்றைய மருத்துவம் சொல்லும் அளவுக்குள்ளேயே அது வருகிறது. சரக சம்ஹிதை உணவையும் உறக்கத்தையும் உடலைத் தாங்கும் மூன்று துணைத் தூண்களில் சேர்க்கிறது. சுஸ்ருத சம்ஹிதை உடல் பெருத்தவருக்கு வரும் குறைகளை அடுக்கும்போது, இளைப்பு, மிகுந்த தூக்கம் ஆகியவற்றோடு 'கிரதனம்' என்ற ஒன்றையும் குறிக்கிறது. இதற்குக் குறட்டை என்றும், திடீரென மூச்சு அடைபடுதல் என்றும் பொருள் சொல்வார்கள். ஆக, பருமன், பகல் தூக்கம், மூச்சடைப்பு மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வருவதைப் பழைய வைத்தியர்கள் பார்த்திருக்கிறார்கள். தூங்குபவனை இரவு முழுவதும் அளந்து பார்க்கும் கருவி மட்டும் அவர்களிடம் இல்லை.

மற்றபடி நமக்குக் குறட்டை என்றால் கும்பகருணன்தான். அவனை எழுப்பப் படும் பாட்டை வால்மீகியும் கம்பரும் விரிவாகவே பாடியிருக்கிறார்கள். நாம் அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம்.

ஒரு நாவல் வைத்த பெயர்

மேலை நாட்டிலும் கதை இப்படித்தான். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு கொழுத்த பையன் வருவான். கதவைத் தட்டிக்கொண்டே நின்றபடி தூங்கிவிடுவான். படித்தவர்கள் சிரித்தார்கள். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து 1956-ல், பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 51 வயது வணிகர், எடை ஏறக்குறைய 120 கிலோ. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கைக்கு வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போய்விட்டார்! ஆட்டத்தில் தோற்ற பிறகுதான் தமக்கு ஏதோ கோளாறு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். டிக்கன்ஸின் பையனை நினைத்து இதற்குப் 'பிக்விக் நோய்' என்ற பெயர் நிலைத்தது.

அந்தப் பெயர் நன்மையும் செய்தது, கெடுதலும் செய்தது. நோய் ஒன்று இருக்கிறது என்று உலகம் ஒப்புக்கொண்டது நன்மை. குண்டாக இருப்பவருக்குத்தான் இது வரும் என்ற எண்ணம் பதிந்தது கெடுதல். ஆசிய மக்களின் தாடை, முக அமைப்பு காரணமாக அதிகப் பருமன் இல்லாதவருக்கும் இது வரலாம் என்பது இன்று தெரிந்த செய்தி. நான் அன்றைக்கு 68 கிலோ. என்னைப் பார்த்து எவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதில் வியப்பில்லை.

காரணத்தையும் பர்வெல் குழு வேறு விதமாகவே நினைத்தது. பருமனால் மூச்சு குறைந்து, ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து, அந்த மயக்கமே பகல் தூக்கம் என்றார்கள். இரவில் தொண்டை அடைபடுவதை அவர்கள் பார்க்கவில்லை.

இருட்டில் விளக்கு: 1965

தூக்கம் என்பது மூளை சும்மா கிடக்கும் நேரம் என்றுதான் வெகுகாலம் எண்ணப்பட்டது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து 1929-ல் வெளியிட்டார். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் 1953-ல், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் கண்கள் வேகமாக அசைகின்றன என்று கண்டறிந்தார்கள். அதன் பிறகுதான் ஆய்வாளர்கள் இரவு முழுவதும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவெடுக்கும் வழக்கம் வேரூன்றியது.

1965-ல் பிரான்ஸின் மார்செய் நகரில் காஸ்டோ குழுவினரும், ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் யுங், கூலோ ஆகிய இருவரும், தனித்தனியாக ஒரே உண்மையைக் கண்டார்கள். பிக்விக் நோயாளி தூங்கியதும் மூச்சு நின்றது. மூளை ஒரு கணம் விழித்தது. மூச்சு வந்தது. மறுபடி தூக்கம், மறுபடி நிறுத்தம். இரவெல்லாம் இதே கூத்து. பகலில் தூங்குவது சோம்பேறித்தனத்தால் அல்ல, இரவில் தூங்கவே இல்லை என்பதால். என் மனைவி இருட்டில் எண்ணியதைத்தான் அவர்கள் காகிதச் சுருளில் கோடாக வரைந்து காட்டினார்கள்.

1976-ல் ஸ்டான்போர்டில் கில்லமினோ, டில்கியன், டெமெண்ட் மூவரும் 'ஸ்லீப் ஆப்னியா' என்ற நோய்த்தொகுதியை விவரித்தார்கள். மூச்சு பத்து விநாடியாவது நின்றால் ஒன்று என்று எண்ணுவது வழக்கமாயிற்று. காற்று முழுதும் நிற்காமல் வெகுவாகக் குறைவதையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

இதில் இன்னொரு வகையும் உண்டு. தொண்டை திறந்தே இருக்கும். மூளை 'மூச்சு விடு' என்று கட்டளை அனுப்ப மறந்துவிடும். இதய நோயாளிகளிடம் மூச்சு ஏறி ஏறித் தணிந்து நின்றுபோவதை டப்ளின் மருத்துவர்கள் செயின் 1818-லும், ஸ்டோக்ஸ் 1854-லும் எழுதிவைத்தார்கள். அடைப்பு வகையும் மூளை வகையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றினாலும் வைத்தியம் வேறு. மூச்சு முழுதாக நிற்காமல், இழுக்கும் சிரமத்தாலேயே தூக்கம் துண்டு துண்டாகிறவர்களும் இருக்கிறார்கள் என்று 1993-ல் கில்லமினோ குழு காட்டியது. இவர்களுக்குச் சோதனை முடிவு 'பரவாயில்லை' என்று வரும், களைப்பு மட்டும் தீராது.

கழுத்தில் ஓட்டை

நோய் தெரிந்தது, மருந்து? முதலில் பலன் தந்த வைத்தியம் கேட்கவே பயங்கரமானது. 1969-ல் கூலோ குழுவினர் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயை நேரே வெளியே திறந்துவிட்டதைப் பற்றி எழுதினார்கள். அடைபடும் இடத்துக்குக் கீழே வழி திறந்தால் அடைப்பு என்ன செய்யும்? நோயாளி நன்றாகத் தூங்கினார். ஆனால் ஆயுளுக்கும் கழுத்தில் ஓட்டையோடு வாழ வேண்டும். குளிக்கப் பயம், பேச அதை மூடிக்கொள்ள வேண்டும், சளியும் கிருமியும் எந்நேரமும் தொல்லை. பத்தாண்டுக்கும் மேலாகக் கடுமையான நோயாளிகளுக்கு நம்பகமான வழி இது ஒன்றுதான் இருந்தது.

1981-ல் ஜப்பானிய வம்சாவளி மருத்துவர் ஃபுஜிட்டா, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், உள்நாக்கையும் மேலண்ணத்தின் தளர்ந்த பகுதியையும் வெட்டிச் சரிசெய்யும் அறுவையைப் பற்றி எழுதினார். அது வேகமாகப் பரவியது. 1996-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அதனால் போதிய பலன் என்று காட்டியது. அடைப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை, நாக்கின் அடியிலும் இருக்கலாம் அல்லவா?

சிட்னியில் ஒரு இரவு

1980 ஜூன் மாதம். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். கட்டட வேலைக்காரர். கழுத்தில் துளை போடுவதைத் தவிர வழியில்லை என்ற நிலை. அவருக்கு அதில் விருப்பமில்லை. சல்லிவன் ஒரு பரிசோதனைக்குச் சம்மதமா என்று கேட்டார், அவரும் சரி என்றார்.

கருவி என்ன தெரியுமா? வீட்டைச் சுத்தம் செய்யும் வாக்குவம் க்ளீனரின் மோட்டார்! உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி திருப்பி, குழாய் மாட்டி, மூக்குக்குள் காற்றழுத்தம் கொடுத்தார்கள். அழுத்தம் ஏறியதும் மூச்சு சீரானது. குறைத்தால் மூச்சு நின்றது. மறுபடி ஏற்றினால் மறுபடி சீர். அந்த மனிதர் பல ஆண்டுகளில் முதல் முறையாக இரவு முழுவதும் தூங்கி, தெளிவாக எழுந்தார். ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. இன்று உலகெங்கும் 'சிபேப்' என்று வழங்கும் கருவியின் பிறப்பு இதுதான்.

பட்டறைக்காரனாகிய எனக்கு இதன் தத்துவம் உடனே பிடிபட்டது. கூலன்ட் பம்பின் உறிஞ்சு குழாய்க்குள் ஏன் கம்பிச்சுருள் வைக்கிறோம்? இல்லையென்றால் உறிஞ்சும் வேகத்தில் குழாய் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். கீழே மூச்சுக்குழாயில் குருத்தெலும்பு வளையங்கள் அந்தக் கம்பிச்சுருள் மாதிரி நிற்கின்றன. ஆனால் நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டையில் அப்படி எதுவும் இல்லை. பேசவும் விழுங்கவும் அது வளைந்து கொடுக்க வேண்டுமே! விழித்திருக்கும்போது தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன, தூக்கத்தில் தளர்கின்றன. சிபேப் உள்ளே காற்றைத் திணித்து நம் வேலையைச் செய்வதில்லை. குழாய் சப்பாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவே. அதற்குப் பெரிய அழுத்தமும் வேண்டாம். பட்டறைக் கம்ப்ரஸரில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ வைத்திருப்போம். எனக்குப் போதுமானது 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம். கணக்குப் போட்டால் கம்ப்ரஸரின் அறுநூறில் ஒரு பங்கு.

பரணில் ஐந்து மாதம்

2009-ல் நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவரிடம் வேறு காரியமாகப் போனோம். அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்து, "ராத்திரி இவர் எப்படித் தூங்குறார்னு நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. முதன்முதலாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு இரவு தலை, தாடை, நெஞ்சு, கால் எல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப். ஜப்பானின் தக்குவோ அயோயாகி 1974-ல் கண்ட தத்துவம் அது. கொரோனா காலத்தில் நம் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததே, அதே கருவிதான். மறுநாள் முடிவு: மணிக்கு 46 தடவை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 322 தடவை. ஆக்சிஜன் 71 வரை இறங்கியிருக்கிறது.

நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து மெஷின் வாங்கினேன். இனி எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் முதல் வாரமே தோற்றேன். மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது, மூக்கு வறண்டது, கழுத்து நெரிபடுவது போலிருந்தது. பத்தாம் நாள் அதைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அங்கேயே ஐந்து மாதம் கிடந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பழையபடி எண்ண ஆரம்பித்தாள்.

திரும்ப இறக்க வைத்தது என் மகள். சிட்னி வரலாற்றை எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள்: "அப்பா, முதல்ல இதைப் போட்டுக்கிட்டவங்களுக்கு முகத்தை அச்சு எடுத்து மாஸ்க் செஞ்சாங்களாம். ஒவ்வொரு ராத்திரியும் சிலிக்கான் பசை போட்டு மூக்குல ஒட்டிக்குவாங்களாம், காலையில பிச்சு எடுப்பாங்களாம். உங்களுக்கு வெல்க்ரோ பட்டையே கஷ்டமா இருக்கா?"

வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதர்கள் பசை போட்டு ஒட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எதிரே இருந்தது கழுத்தில் ஓட்டை. மறுநாளே மருத்துவரிடம் போனேன். குறை என்னிடமும் இல்லை, மெஷினிலும் இல்லை. மாஸ்க் ஒரு அளவு பெரிது! மாற்றிக் கொடுத்தார்கள். காற்றை ஈரப்படுத்தும் சிறு தொட்டியைச் சேர்த்தார்கள். அழுத்தம் மெதுவாக ஏறும்படி வைத்தார்கள். பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. இரவில் நாலு தடவை எழுந்தவன் ஒரு தடவை எழுந்தேன். லேத்துக்கு முன்னால் கண் சொருகவில்லை. கரண்ட் போகும் ஊர்தானே நம்முடையது, ஒரு இன்வர்ட்டரும் வாங்கினோம்.

ரத்த அழுத்த மாத்திரை இரண்டு இரண்டாகவே இருக்கிறது. எல்லா நோயும் போய்விடும் என்று யாரும் நம்ப வேண்டாம். அந்த எண்ணத்தைச் சரிசெய்ததும் ஆய்வுகள்தான். இந்தியா உள்பட ஏழு நாடுகளில் 2,717 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் உள்ளவர்களுக்குச் சிபேப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் அணிந்திருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2015-ல் இன்னொரு அதிர்ச்சி. இதயம் பலவீனமாகி, மூளை வகை மூச்சு நிறுத்தமும் உள்ளவர்களுக்குக் கொடுத்த ஒரு நவீன சுவாசக் கருவியால் இதய மரணங்கள் கூடின. எந்த வகை என்று அறியாமல் வைத்தியம் செய்யலாகாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? 2021-ல் பிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தைத் தணிக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்பதால் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றதும் இந்த வரலாற்றில் சேரும்.

வேறு வழிகளும் வந்திருக்கின்றன. லேசான, நடுத்தர நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னிழுத்துப் பிடிக்கும் பல் கருவி உதவும். நாக்கு நரம்பைத் தூண்டும் பதிகருவிக்கு 2014-ல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. பருமனோடு வரும் நோய்க்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்தை அதே நாடு 2024 டிசம்பரில் ஏற்றது. சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் 'டிட்ஜெரிடூ' என்ற நீண்ட ஊதுகுழலை நாலு மாதம் வாசித்தால் நோய் குறைகிறது என்று 2006-ல் காட்டினார்கள். இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், "அப்ப நாகசுரம்?" என்று கேட்டார். வித்வான்களின் வீட்டம்மாக்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்!

நம்மவர் கவனத்துக்கு

மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், 19.5 சதவீதம் பேருக்கு உறக்க மூச்சுக் கோளாறு இருந்தது. பகல் தூக்கத்தோடு கூடிய நோயாக 7.5 சதவீதம். உலக அளவில் 93 கோடிப் பேருக்கு மேல் என்று 2019-ல் ஒரு மதிப்பீடு சொன்னது. இந்திய மருத்துவர்கள் சேர்ந்து 2014-க்கான வழிகாட்டு நெறிகளையும் வகுத்திருக்கிறார்கள். ஆகவே நம் ஊரிலேயே வைத்தியம் இருக்கிறது. இல்லாதது கவனம்தான்.

2013 டிசம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு ரயில் வளைவில் தடம் புரண்டு நால்வர் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கடுமையான மூச்சுத் தடை நோய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. பீன்யாவில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், பிரஸ் மெஷினில் கை வைப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். 'தூங்குமூஞ்சி' என்று நாம் கேலி செய்பவர் நோயாளியாக இருக்கலாம். பெண்களுக்கும் வரும், குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு. அவர்கள் 'அசதி' என்று சொல்லிச் சமையலறைக்குள் போய்விடுவதால் வெளியே தெரிவதில்லை. குழந்தை வாயைத் திறந்து குறட்டை விட்டால் அழகு என்று ரசிக்காமல், டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருக்கின்றனவா என்று காட்டுங்கள். அவற்றை எடுத்தாலே பல குழந்தைகளுக்குச் சரியாகிவிடுகிறது. முக்கியமாக, டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் படுப்பவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

முடிக்குமுன் ஒன்று. என் தகப்பனார் குடியாத்தத்தில் கைத்தறி நெசவாளர். ஒல்லியான உடம்பு, என்னைப் போலவே உள்வாங்கிய தாடை. தறிக்குழியில் கால் வைத்தபடியே தூங்கிவிடுவார். நாடா பாதி வழியில் நிற்கும். முதலாளி திட்டுவார், தெருப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அவர் குறட்டை நாலு வீடு கேட்கும். 1979-ல் ஒரு விடியற்காலை அவர் எழுந்திருக்கவில்லை. வயது 53. "தூக்கத்துலேயே போயிட்டாரு, புண்ணியவான்" என்றார்கள்.

அவர் இறந்தது இந்த நோயால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தச் சோதனையும் நடக்கவில்லை, எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. அந்த வருஷம் உலகத்தில் சிபேப்பும் இல்லை. சிட்னியின் அந்த இரவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஆனால் அவர் சோம்பேறி இல்லை என்பதை மட்டும் இன்று உறுதியாகச் சொல்வேன். அதை அவரிடம் சொல்ல முடியாமல் போனதுதான் வருத்தம்.

என் அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், அப்பாவுக்கு ராத்திரியில் மூச்சு நிற்குமா என்று. அவர் அப்போது எண்பதைத் தாண்டியவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நிக்கும்பா. நான் விரல்ல எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். யாருகிட்டப் போய்ச் சொல்றது?"